ஊர்ப் பெயர்களின் பல்கேரியா – 9: ஒரே தண்டவாளத்தில் இரண்டு டிமிட்ரோவ்கிராட்

பெல்கிரேடிலிருந்து இஸ்தான்புல் நோக்கிப் போகும் பழைய ரயில் பாதையின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். நீஷ் நகரைக் கடந்து நிஷாவா ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே கிழக்கே வந்தால், செர்பியாவின் எல்லை நிலையம் டிமிட்ரோவ்கிராட். அதைத் தாண்டியதும் பல்கேரியா. சோபியா வருகிறது, பிலோவ்திவ் வருகிறது. மரித்சா ஆற்றை ஒட்டி இன்னும் கிழக்கே போனால், பாதைகள் பிரியும் ஒரு சந்திப்பு நிலையம் வருகிறது. அதன் பெயரும் டிமிட்ரோவ்கிராட்.

இரண்டுக்கும் நடுவில் சுமார் 300 கிலோமீட்டர். நடுவில் ஒரு நாட்டு எல்லை. இரண்டு ஊர்களுக்கும் பெயர் கொடுத்தவர் ஒரே மனிதர்.

சென்ற வாரம் இரண்டு பியாலாக்களைப் பார்த்தோம். ஒன்று வடக்கே யாந்த்ரா ஆற்றங்கரையில், கொல்யு ஃபிச்சேத்தோ 1865–67இல் கட்டிய கல்பாலத்தோடு நிற்கும் ஊர். 1878இல் ரஷ்யச் செவிலி யூலியா விரெவ்ஸ்காயா காய்ச்சலில் இறந்த ஊர். மற்றொன்று கருங்கடல் கரையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். இரண்டும் தனித்தனியாகப் பெயர் பெற்றவை. ஒன்றைப் பார்த்து மற்றொன்றுக்குப் பெயர் வைத்தார்கள் என்று சொல்ல எதுவும் இல்லை.

அதற்கு முந்தைய வாரம் பார்த்தது நாயகர்களின் பெயர்கள். காராஆகாச் என்ற ஊர் லெவ்ஸ்கி ஆன கதை. வர்னா பக்கத்திலும் பாசார்ஜிக் பக்கத்திலும் லெவ்ஸ்கி என்றே கிராமங்கள் இருப்பது. ஓர்ஹானியே 1934இல் போதெவ்கிராட் ஆனது. வர்னா, விதின், யாம்போல் மாவட்டங்களில் போதெவோ என்ற பெயரில் சிற்றூர்கள் இருப்பது. தூக்கிலிடப்பட்டவர்கள், போரில் மாண்டவர்கள், செத்த பின் ஊர்ப் பெயர் ஆனார்கள்.

இந்த வாரம் நாம் பார்க்கப் போகிற மனிதர், உயிரோடு இருக்கும்போதே ஊர்ப் பெயர் ஆனவர். செத்த மறு ஆண்டே எதிரி நாட்டிலும் ஊர்ப் பெயர் ஆனவர்.

* * *

எல்லை நடந்து போன ஊர்

செர்பியாவில் இருக்கும் டிமிட்ரோவ்கிராடுக்கு 1950 வரை சாரிப்ரோட் என்று பெயர். பல்கேரியாவில் இன்றும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஊர்க்காரர்களும் தங்களைச் சாரிப்ரோட்காரர்கள் என்றே சொல்லிக்கொள்வது உண்டு.

1878இல் பெர்லின் மாநாடு பல்கேரியாவுக்கு எல்லை வகுத்தபோது, சாரிப்ரோட் பல்கேரியாவின் மேற்கு வாசல் ஆனது. 1885 நவம்பரில் செர்பிய மன்னர் மிலானின் படை இந்த வாசல் வழியாகத்தான் சோபியாவை நோக்கி வந்தது. ஸ்லிவ்னித்சாவில் மூன்று நாள் சண்டை. தோற்ற படை வந்த வழியே திரும்பியது.

1888இல் அதே வழியில் ரயில் வந்தது. சாரிப்ரோட்டிலிருந்து சோபியா வழியாக வாகரெல் வரை போகும் இருப்புப் பாதை, பல்கேரிய அரசே முன்னின்று கட்டிய முதல் பாதை. அதன் பிறகு ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் முழுக்கத் தண்டவாளத்திலேயே கான்ஸ்டான்டினோபிள் போய்ச் சேர முடிந்தது. பாரிஸிலிருந்து கிளம்பியவர்கள் பல்கேரியாவுக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்த ஊர் சாரிப்ரோட்.

முதல் உலகப் போரில் பல்கேரியா தோற்றது. 1919 நவம்பர் 27 அன்று, பாரிஸை அடுத்த நுய்யியில், பிரதமர் அலெக்சாந்தர் ஸ்தம்போலிஸ்கி சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அவர் விவசாயிகள் கட்சியின் தலைவர். அந்தப் போரையே எதிர்த்துச் சிறை சென்றவர். தான் கேட்காத போருக்குத் தன் கையால் விலை கொடுத்தார். சாரிப்ரோட்டும் போசிலெகிராடும் செர்பியர், குரோவாத்தியர், ஸ்லோவேனியர் அரசிடம் (பின்னாளில் யூகோஸ்லாவியா) போயின. 1920 நவம்பரில் செர்பியப் படை உள்ளே வந்தது. வீடும் வயலும் இருந்த இடத்திலேயே இருந்தன. எல்லைக்கோடு மட்டும் ஊரைத் தாண்டிக் கிழக்கே நகர்ந்துவிட்டது.

1941இல் ஜெர்மனியின் கூட்டாளியாக வந்து பல்கேரியா ஊரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1944இல் மறுபடி விட்டுப் போனது.

எழுபது ஆண்டுக்குள் இத்தனை கைமாறியும் ஊரின் பெயர் மட்டும் மாறவில்லை. பல்கேரிய அரசனும் செர்பிய அரசனும் அதைச் சாரிப்ரோட் என்றே அழைத்தார்கள். அதை மாற்றும் எண்ணம் ஒரு குடியரசுக்குத்தான் வந்தது.

* * *

பெயருக்கு உரியவர்

கியோர்கி டிமிட்ரோவை நம் பக்கத்து இடதுசாரி வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாசிசத்துக்கு எதிரான ஐக்கிய முன்னணி என்றதும் நினைவுக்கு வருகிற பெயர் அது. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக.

1882இல் கோவாச்செவ்த்சி என்ற கிராமத்தில் பிறந்தவர். அச்சுக் கோக்கும் தொழிலாளி. 1923 செப்டம்பரில் வாசில் கோலாரோவுடன் சேர்ந்து ஒரு எழுச்சியை நடத்தினார், அது நசுக்கப்பட்டது, இருவரும் எல்லை தாண்டி யூகோஸ்லாவியாவுக்குள் தப்பினார்கள். இருபத்திரண்டு ஆண்டு வெளிநாட்டு வாழ்க்கை அங்கே தொடங்கியது.

1933 மார்ச்சில் பெர்லினில் கைதானார். ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்த சதியில் பங்கு என்பது குற்றச்சாட்டு. லீப்சிக் நீதிமன்றத்தில் தனக்காகத் தானே வாதாடினார். சாட்சியாக வந்த நாஜித் தலைவர் கோயரிங்கைக் குறுக்கு விசாரணை செய்து, அவரைக் கூண்டிலேயே கத்த வைத்தார். ஹிட்லரின் ஆட்சி தொடங்கிய முதல் ஆண்டிலேயே, அந்த ஆட்சியின் நீதிமன்றத்தில் விடுதலை வாங்கினார். உலகம் முழுவதும் அவர் பெயர் தெரிந்தது அப்போதுதான்.

அடுத்த ஆண்டு மாஸ்கோ சென்றார். 1935 முதல் 1943 வரை கம்யூனிஸ்ட் அகிலத்தின் பொதுச்செயலாளர். 1945 நவம்பரில் பல்கேரியா திரும்பினார். 1946 நவம்பரில் பிரதமர்.

லீப்சிக்கின் டிமிட்ரோவை நான் மதிக்கிறேன். ஆனால் சோபியாவின் டிமிட்ரோவ் வேறு ஆள் என்பதையும் எழுதியாக வேண்டும். ஸ்தம்போலிஸ்கியின் விவசாயிகள் கட்சியை அவருக்குப் பின் எதிர்க்கட்சியாக நடத்திய நிக்கோலா பெத்கோவ், டிமிட்ரோவ் பிரதமராக இருந்தபோது 1947 செப்டம்பர் 23 அன்று தூக்கிலிடப்பட்டார். பொய் வழக்கைப் பற்றி டிமிட்ரோவை விட நன்றாக அறிந்தவர் யாரும் அந்த நாட்டில் இல்லை. அவர் அந்தத் தூக்கை நிறுத்தவில்லை.

அந்தத் தூக்குக்கு மூன்று வாரம் முன்புதான் அவர் பெயரில் ஒரு நகரம் பிறந்திருந்தது.

* * *

வயல்வெளியில் ஒரு நகரம்

மரித்சா ஆற்றங்கரையில் ராகோவ்ஸ்கி, மாரினோ, செர்னோகோனெவோ என்று மூன்று கிராமங்கள். சுற்றிலும் நிலக்கரி, சிமெண்டுக்கு வேண்டிய கல், ஆற்று நீர், இரண்டு ரயில் பாதைகள் சேரும் இடம். தொழில் நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தெற்கு பல்கேரியாவில் கிடைப்பது கடினம்.

1947 மே மாதம் இளைஞர் படைப்பிரிவுகள் வந்து இறங்கின. பிரிகாதிர்கள் என்று பெயர். மண்வெட்டி, தள்ளுவண்டி, பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி. இயந்திரங்கள் குறைவு. கூடாரங்களில் படுத்து எழுந்தார்கள், செங்கல் அறுத்தார்கள், சாலைக்குக் கல் அடுக்கினார்கள். கிராமத்தை விட்டு முதல்முறையாக வெளியே வந்தவர்கள் ஏராளம். சிலர் அங்கேதான் எழுத்துக் கற்றார்கள். நகரம் எழுந்த ஆண்டுகளில் சுமார் 50,000 இளைஞர்கள் அங்கே உழைத்ததாகச் சொல்வார்கள்.

1947 செப்டம்பர் 2 நகரத்தின் பிறந்த நாள். மூன்று கிராமங்களின் பெயர்களும் பேட்டைகளின் பெயர்களாகச் சுருங்கின. மேலே ஒரே பெயர் வந்து உட்கார்ந்தது: டிமிட்ரோவ்கிராட்.

ராகோவ்ஸ்கி என்ற பெயருக்கு என்ன ஆனது என்று இந்தத் தொடரைத் தவறாமல் படிப்பவர்கள் கேட்பார்கள். ராகோவ்ஸ்கி ஒரு புரட்சியாளர், அவர் பெயர் அலைந்துகொண்டே இருந்தது. 1966இல் பிலோவ்திவுக்கு வடக்கே மூன்று கத்தோலிக்கக் கிராமங்களை ஒன்றாக்கி ஒரு சிறு நகரம் செய்தபோது, அதற்கு ராகோவ்ஸ்கி என்று பெயர் வைத்தார்கள். அதன் கதை தனி, பின்னால் வரும்.

டிமிட்ரோவ்கிராடில் ஸ்டாலின் பெயரில் உர ஆலை எழுந்தது. அனல் மின் நிலையமும் சிமெண்டு ஆலையும் வந்தன. அகன்ற சாலைகள், தூண் வைத்த வீடுகள், பூங்காக்கள் என்று அந்தக் காலத்துச் சோவியத் பாணியில் ஊர் விரிந்தது.

கட்டியவர்களில் ஒருவர் பென்யோ பெனெவ். தோப்ரோமிர்கா கிராமத்தில் 1930இல் பிறந்தவர். பஞ்சு மேலங்கி போட்ட கவிஞர் என்றே பல்கேரியா அவரை நினைவில் வைத்திருக்கிறது. செங்கல் சூளையின் புகையையும் சேற்றையும் கவிதைக்குள் கொண்டுவந்தவர் அவர். அந்த நகரத்தை அவரைப் போல நம்பியவர் இல்லை. நம்பிக்கை கரைந்துபோனதை அவரைப் போல உணர்ந்தவரும் இல்லை. 1959 ஏப்ரலில், இருபத்தெட்டு வயதில், டிமிட்ரோவ்கிராடிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு நகரத்தை வெறும் ஆணைகளின் வரலாறாக எழுதும்போது இந்த இளைஞர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். டிமிட்ரோவ்கிராட் ஒரு தலைவரின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அதன் சுவர்கள் அவர்களுடையவை.

* * *

இருபத்தெட்டு ஆண்டு கழித்து, அதே தேதி

1947இன் அந்தக் கோடையில் இன்னொரு கட்டுமானமும் நடந்துகொண்டிருந்தது. அது காகிதத்தில் நடந்தது.

ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரிக்கரையில், ஜூலை கடைசியில், டிமிட்ரோவும் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவும் சந்தித்தார்கள். இரண்டு நாட்டுக்கும் இடையே சுங்கத்தடை தளர வேண்டும், மக்கள் எல்லை கடப்பது எளிதாக வேண்டும் என்று பேசினார்கள். பாரிஸ் சமாதான உடன்படிக்கைப்படி பல்கேரியா தர வேண்டிய 2.5 கோடி டாலர் இழப்பீட்டை யூகோஸ்லாவியா விட்டுக்கொடுத்தது.

இவற்றுக்குப் பின்னால் பெரிய கனவு ஒன்று இருந்தது: தென் ஸ்லாவியரின் கூட்டாட்சி. அது நடந்தால் பல்கேரியாவின் பிரின் மலைப்பகுதி மாசிடோனியக் குடியரசோடு சேரும். பதிலுக்கு நுய்யியில் பறிபோன மேற்கு நிலங்கள் பல்கேரியாவிடம் திரும்பும். அதாவது சாரிப்ரோட் திரும்பும்.

நவம்பரில் டிட்டோ பல்கேரியா வந்தார். வழியெங்கும் கூட்டம். வர்னாவுக்கு அருகே எவ்க்சினோகிராட் மாளிகையில் இருவரும் நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாள், 1947 நவம்பர் 27. ஸ்தம்போலிஸ்கி நுய்யியில் கையெழுத்திட்ட அதே தேதி. சரியாக இருபத்தெட்டு ஆண்டு. தேதியை வேண்டுமென்றே தேர்ந்தார்களா என்பதில் நான் எதையும் ஏற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் சாரிப்ரோட்டில் அந்தத் தேதியை மறந்தவர்கள் இருந்திருக்க முடியாது.

எல்லைக்கோடு மறுபடி நகரப் போகிறது என்று எண்ண அந்த மாதம் எல்லாக் காரணமும் இருந்தது.

* * *

கிரெம்ளினில் ஒரு மாலை

1948 ஜனவரியில் டிமிட்ரோவ் ருமேனியாவுக்குப் போனார். நிருபர்கள் கூட்டாட்சி பற்றிக் கேட்டார்கள். காலம் கனியும்போது அது வரும் என்றார். பல்கேரியா, யூகோஸ்லாவியாவோடு நிற்காமல் ருமேனியா, அல்பேனியா, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, கிரேக்கம் வரை பெயர்களை அடுக்கினார். கிரேக்கத்தில் அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது.

ஜனவரி 28 அன்று மாஸ்கோவின் பிராவ்தா இதழ் வெளிப்படையாக மறுப்பு எழுதியது. இப்படிப்பட்ட கூட்டாட்சிகள் தேவையில்லை என்றது. உலகறிந்த ஒரு கம்யூனிஸ்ட் தலைவரை அந்த இதழ் பெயர் சொல்லி மறுப்பது சின்ன விஷயம் இல்லை.

பிறகு அழைப்பு வந்தது.

1948 பிப்ரவரி 10, மாலை. ஸ்டாலினின் அறை. பல்கேரியாவிலிருந்து மூவர்: டிமிட்ரோவ், வாசில் கோலாரோவ், த்ராய்ச்சோ கோஸ்தோவ். யூகோஸ்லாவியாவிலிருந்து மூவர்: கார்டெல், ஜிலாஸ், பகாரிச். டிட்டோ வரவில்லை, தன் ஆட்களை அனுப்பிவிட்டு பெல்கிரேடிலேயே இருந்துகொண்டார். அந்த ஒரு முடிவு அவர் உயிரைக் காத்திருக்கலாம்.

ஸ்டாலினின் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவ் குற்றப்பட்டியலை வாசித்தார். எங்களைக் கேட்காமல் ஒப்பந்தத்தை அறிவித்தீர்கள். எங்களைக் கேட்காமல் கூட்டாட்சி என்று பேசினீர்கள். எங்களைக் கேட்காமல் அல்பேனியாவுக்குப் படை அனுப்ப ஏற்பாடு செய்தீர்கள்.

ஸ்டாலின் இடைமறித்து டிமிட்ரோவைத் தாக்கினார். அந்த மாலையைப் பற்றி நமக்குத் தெரிவது அங்கே இருந்தவர்கள் எழுதிவைத்ததால். டிமிட்ரோவின் நாட்குறிப்பு இருக்கிறது. ஜிலாஸின் நினைவுக் குறிப்பு இருக்கிறது. வெளியுறவு விஷயங்களில் நாங்கள் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறோம் என்று டிமிட்ரோவ் பணிந்து சொன்னார் என்றும், அந்தப் பணிவே ஸ்டாலினை இன்னும் சீற வைத்தது என்றும் ஜிலாஸ் எழுதுகிறார்.

அறுபத்தைந்து வயது. உடம்பில் நோய். பதினான்கு ஆண்டு முன்பு கோயரிங்கைக் கூண்டிலேயே திணறடித்தவர், தன் தோழர்கள் முன்னால் பள்ளிப் பிள்ளையைப் போல ஏச்சு வாங்கினார்.

இந்தக் காட்சியை விரித்து எழுதக் காரணம் இருக்கிறது. லீப்சிக்கில் அவருக்கு எதிரி யார் என்று தெரிந்திருந்தது. இங்கே எதிரே இருந்தது, தன் வாழ்நாளை எந்த இயக்கத்துக்குக் கொடுத்தாரோ அந்த இயக்கத்தின் தலைமை. அதற்கு எதிராக வாதாட அவரிடம் சொற்கள் இருக்கவில்லை.

அதற்குப் பின் வந்த திருப்பம் எல்லாரையும் அதிர வைத்தது. பெரிய கூட்டாட்சி வேண்டாம் என்ற ஸ்டாலின், பல்கேரியாவும் யூகோஸ்லாவியாவும் மட்டும் இணையலாம் என்றார். எப்போது? உடனே. நாளைக்கே என்றாலும் சரி.

கனவு கண்டவர்கள் கேட்டதைவிட வேகமாகக் கனவு கைக்கு வந்தது. யூகோஸ்லாவியர்கள் மூவரும் பயந்தார்கள். மாஸ்கோவின் பிடியில் இருக்கும் பல்கேரியாவைத் தங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தால், கூடவே மாஸ்கோவும் உள்ளே வரும் என்பது அவர்கள் கணக்கு. மார்ச் 1 அன்று பெல்கிரேடில் கூடிய தலைமை, இப்போதைக்குக் கூட்டாட்சி வேண்டாம் என்று முடிவெடுத்தது.

சாரிப்ரோட் பல்கேரியாவுக்குத் திரும்பும் வழி அந்தக் கூட்டத்தோடு அடைபட்டது. அந்த ஊரின் பெயரை யாரும் அங்கே உச்சரித்திருக்கத் தேவையே இல்லை.

* * *

நடைமேடையில் ஒரு கைகுலுக்கல்

மார்ச் கடைசியில் ஸ்டாலினின் கண்டனக் கடிதம் பெல்கிரேடுக்கு வந்தது. பிளவு இன்னும் வெளியே தெரியவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

ஏப்ரலில் டிமிட்ரோவ் பிராகாவுக்கு ரயிலில் புறப்பட்டார். சோபியாவிலிருந்து பெல்கிரேடு போகும் பாதை சாரிப்ரோட் வழியாகத்தான் போகிறது. தன் பெயரை ஏற்கப் போகிற ஊரை அவர் அன்றும் கடந்திருக்க வேண்டும். அவருக்கு அது அப்போது எல்லை நிலையம், அவ்வளவுதான்.

பெல்கிரேடின் தோப்சிதெர் நிலையத்தில் ரயில் நின்றது. வரவேற்க வந்தவர்களில் ஜிலாஸும் ஒருவர். யாரும் கேட்காத ஒரு கணத்தில் டிமிட்ரோவ் தன் கையை இறுகப் பற்றி, உறுதியாக நில்லுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னதாக ஜிலாஸ் பின்னாளில் எழுதினார்.

இதை நம்பலாமா? சொல்பவர் ஒரு தரப்பைச் சேர்ந்தவர். பல ஆண்டு கழித்து எழுதுகிறார். நான் நம்புகிறேன். பிப்ரவரியில் அந்த அறையில் நடந்ததைப் படித்தவர்களுக்கு இந்தக் கைகுலுக்கல் விளங்கும்.

ஆனால் வெளியே அவர் சொன்னது வேறு. 1948 ஜூன் 28 அன்று கம்யூனிஸ்ட் தகவல் அமைப்பு யூகோஸ்லாவியக் கட்சியை வெளியேற்றியது. பல்கேரியக் கட்சி அதை ஆதரித்தது. டிசம்பரில் நடந்த கட்சி மாநாட்டில் டிட்டோவின் தலைமையை டிமிட்ரோவே கண்டித்துப் பேசினார். நடைமேடையில் சொன்னது ஒருவர் காதுக்கு. மாநாட்டில் சொன்னது உலகத்துக்கு.

எல்லை மூடப்பட்டது. சாரிப்ரோட்டின் மக்களில் பெரும்பாலோர் பல்கேரியர்கள். இனி பெல்கிரேடின் கண்ணில் அவர்கள் சந்தேகத்துக்கு உரியவர்கள். ஸ்டாலின் ஆதரவாளர் என்று முத்திரை விழுந்தவர்களை அடைக்க ஏட்ரியாடிக் கடலில் கோலி ஓத்தோக் என்ற வறண்ட தீவு காத்திருந்தது.

* * *

ஏழு மாதத்துக்குள் மூன்று சாவுகள்

1949 ஜூலை 2 அன்று, மாஸ்கோவை அடுத்த பார்விகா மருத்துவ இல்லத்தில், டிமிட்ரோவ் இறந்தார். அந்தச் சாவைச் சுற்றி வதந்திகள் அன்றே கிளம்பின. உடலை அழியாமல் பதப்படுத்தி அனுப்பினார்கள். சோபியாவின் நடுவில் ஆறே நாளில் வெள்ளைக் கல் மண்டபம் ஒன்று எழுந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகள் அவர் அங்கே கிடத்தப்பட்டிருந்தார்.

அந்த டிசம்பரில் த்ராய்ச்சோ கோஸ்தோவ் நீதிமன்றத்தில் நின்றார். டிட்டோவோடு சேர்ந்து சதி செய்தார் என்பது வழக்கு. அடித்து வாங்கிய வாக்குமூலத்தை எல்லார் முன்னிலையிலும் மறுத்தார். 1949 டிசம்பர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார். டிமிட்ரோவ் லீப்சிக்கில் செய்ததை இவர் சோபியாவில் செய்தார். விடுதலை மட்டும் கிடைக்கவில்லை.

1950 ஜனவரி 23 அன்று கோலாரோவ் இறந்தார். டிமிட்ரோவுக்குப் பின் பிரதமராக இருந்தவர் அவர்.

பிப்ரவரி 10 மாலை ஸ்டாலின் முன்னால் உட்கார்ந்திருந்த பல்கேரியர் மூவரும் ஏழு மாதத்துக்குள் போய்விட்டார்கள். இருவர் பெயர்களை அரசு ஊர்களின் மேல் எழுதியது. சுமென் நகரம் கோலாரோவ்கிராட் ஆனது. பெர்னிக் 1949இலேயே டிமிட்ரோவோ ஆகியிருந்தது. ஆக பல்கேரியாவுக்குள் மட்டுமே டிமிட்ரோவ் பெயரில் இரண்டு தொழில் நகரங்கள். கோஸ்தோவின் பெயரை உச்சரிப்பதே ஆபத்து என்று ஆனது.

ஆட்சி வல்கோ செர்வென்கோவ் கைக்குப் போனது. டிமிட்ரோவின் தங்கை எலெனாவின் கணவர். மாஸ்கோ சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தவர். டிட்டோ என்ற பெயர் அவருடைய சோபியாவில் வசைச் சொல்.

* * *

1950

அந்தச் சமயத்தில்தான் பெல்கிரேடிலிருந்து அந்த முடிவு வந்தது. சாரிப்ரோட் இனி டிமிட்ரோவ்கிராட்.

நிலைமையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எல்லையில் இரு பக்கமும் துப்பாக்கி. சோபியா வானொலி டிட்டோவைத் துரோகி என்கிறது. தன்னைக் கட்சி மாநாட்டில் கண்டித்துவிட்டுச் செத்த அண்டை நாட்டுப் பிரதமரின் பெயரை, அந்த நாட்டைப் பார்த்தபடி நிற்கும் எல்லை ஊருக்கு டிட்டோவின் அரசு வைக்கிறது. ஊருக்குத் தலைவர் பெயர் வைக்க அந்த அரசுக்குத் தயக்கம் கிடையாது. தித்தோகிராட், தித்தோவோ உஜித்சே என்று ஏற்கெனவே வைத்திருந்தது. ஆனால் அவை சொந்தத் தலைவரின் பெயர்.

ஒரு விளக்கம் இது. பெல்கிரேடு உயிரோடு இருந்த சோபியாவோடு சண்டை போட்டுக்கொண்டே, செத்தவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. டிமிட்ரோவ் எங்களோடு இணைய விரும்பினார், அவரை மாஸ்கோ விடவில்லை, இப்போது ஆள்பவர்கள் அவருடைய வாரிசுகள் இல்லை என்று எல்லையில் எழுதிவைத்தது போல.

இன்னொரு விளக்கத்துக்கு வரைபடத்தில் கொஞ்சம் தெற்கே போக வேண்டும். மாசிடோனியாவில், பல்கேரிய எல்லையை ஒட்டிய சாரெவோ செலோ என்ற ஊர், அதே காலத்தில் புரட்சியாளர் கோத்சே தெல்செவின் பெயரைத் தாங்கி தெல்செவோ ஆனது. முன்பே 1946இல், பேதர் மன்னரின் பெயரிலிருந்த பெத்ரோவ்கிராட் ஸ்ரெஞ்சானின் ஆகியிருந்தது. பல்கேரியாவிலும் இதுவே நடந்தது: கருங்கடல் கரையின் சாரெவோ 1950இல் மிச்சூரின் ஆனது. பேரரசர்களின் வாடை வீசும் பெயர்களை இரு அரசுகளும் துடைத்துக்கொண்டிருந்தன. சாரிப்ரோட்டும் அந்தத் துடைப்பில் போயிற்றா? போகும்போது, எந்த ஆட்சி மாறினாலும் மாறாமல் இருந்த அந்தப் பழைய பல்கேரியப் பெயரும் சேர்ந்து போகட்டும் என்று யாராவது எண்ணினார்களா?

முதல் விளக்கம் சரியென்றால் இது மரியாதை. இரண்டாவது சரியென்றால் இது அழிப்பு. ஒரே பெயர்ப்பலகை இரண்டையும் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. 1990 முதல் பல்கேரியா இப்படிப்பட்ட பெயர்களை உதறத் தொடங்கியது. தோல்புகின் மீண்டும் தோப்ரிச் ஆனது. மிச்சூரின் மீண்டும் சாரெவோ ஆனது. மிகைலோவ்கிராட் மொந்தானா ஆனது. டிமிட்ரோவின் உடலைக் கல்மண்டபத்திலிருந்து எடுத்து எரித்தார்கள். 1999 ஆகஸ்டில் மண்டபத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். மரித்சா கரையின் டிமிட்ரோவ்கிராடுக்குத் திரும்பிப் போகப் பழைய பெயர் எதுவும் இல்லை. அதனால் அது அப்படியே நின்றது என்று புரிந்துகொள்ளலாம்.

நிஷாவா கரையின் டிமிட்ரோவ்கிராடுக்கோ நல்ல பழைய பெயர் இருந்தது. அதை வீட்டில் சொல்கிற மக்களும் இருந்தார்கள். யூகோஸ்லாவியாவே சிதறி, டிட்டோவின் பெயர் ஊர்களிலிருந்து உதிர்ந்த பிறகும், அந்த ஊரின் ரயில் நிலையத்தில் டிமிட்ரோவ் ஏன் நீடித்தார்? சாரிப்ரோட் என்ற பெயரைக் கேட்டு யார் அஞ்சினார்கள்?

(அடுத்த வாரம்)